வீட்டில் நல்ல பிள்ளை, வகுப்பில் சேட்டைக்காரன்: யார் சொல்வதை நம்புவது?

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப நடப்பது இது. "கிளாஸ்ல ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கான்" என்பார் டீச்சர். "வீட்டுல அவன் நல்ல பிள்ளையாக்கும், டீச்சர்" என்பார் அம்மா. மகனின் தப்பை அம்மா மூடி மறைக்கிறார் என்று டீச்சர் நினைப்பார். டீச்சருக்கு நம் பிள்ளையைக் கண்டாலே ஆகாது என்று அம்மா நினைப்பார். பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் பையனிடம் கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்று முடித்துக்கொள்வான். கடைசியில் யார் குரல் ஓங்கியதோ அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

இதனால் கெடுவது பிள்ளை. டீச்சர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் அடி விழலாம். அம்மா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால், கிடைக்கவேண்டிய உதவி இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகலாம். இருவரில் ஒருவர் பொய் சொல்லியே ஆகவேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் காரணம். பெரும்பாலான சமயங்களில் அது தவறான எண்ணம்.

மழையளவுப் பட்டியலை எப்படிப் படிக்கிறோம்?

மழைக்காலத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் செய்தித்தாள் பக்கங்களில் மழையளவுப் பட்டியல் வரும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், நாகர்கோவில், குளச்சல், கொட்டாரம் என்று ஊர் ஊராக மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். மலையோரத்தில் கொட்டித் தீர்த்த அதே நாளில் கொட்டாரத்தில் வெறும் தூறலாக இருந்திருக்கலாம். கொட்டாரத்து மழைமானி பொய் சொல்கிறது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. அந்தந்த இடத்தில் பெய்ததை அது அது அளந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா வித்தியாசமும் மழையால் வந்தது என்றும் சொல்ல முடியாது. மானியை மரத்தடியில் வைத்திருந்தால் அளவு குறையும். அடிக்கிற காற்றை மழைமானி அளக்கவே அளக்காது. ஆக, இடத்துக்கு இடம் மழையே வேறாக இருப்பது, மானி இருக்கும் நிலை, மானியால் அளக்க முடியாதது என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களும் பிள்ளைகளும் சொல்வது வேறுபடுவதற்கும் இதே மூன்றுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சிப்பாறை அளவையும் கொட்டாரத்து அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து, அந்தச் சராசரியை வைத்து அணை மதகைத் திறப்பதா மூடுவதா என்று யாரும் முடிவெடுப்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அதைச் செய்கிறோம். "அம்மா ஒண்ணுமில்லைங்கிறாங்க, சார் ரொம்ப மோசங்கிறார், அப்போ ஏதோ சுமாரா இருக்கும்" என்று முடிவுகட்டுகிறோம். அந்தச் 'சுமார்' வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை.

முதலில் மூன்று சொற்கள்

பிள்ளையின் நடத்தையைப் பற்றிச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரைத் *தகவலாளர்* என்போம். அம்மா, அப்பா, பாட்டி, வகுப்பாசிரியர், டியூஷன் அக்கா, அந்தப் பிள்ளை எல்லாரும் தகவலாளர்களே.

அடிப்பது, எதிர்த்துப் பேசுவது, ஒரு இடத்தில் இருக்காமல் ஓடுவது, பொருளை உடைப்பது போன்று அடுத்தவர் கண்ணில் படுபவை *வெளிப்படும் சிக்கல்கள்*. கவலை, பயம், துக்கம், தன்னை மட்டமாக நினைப்பது போன்று உள்ளே நடப்பவை *உள்ளடங்கும் சிக்கல்கள்*. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வெளிப்படும் சிக்கலைப் பார்த்தவர் சொல்லலாம். உள்ளடங்கும் சிக்கலை அனுபவிப்பவர்தான் சொல்ல முடியும். மற்றவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.

எவ்வளவு வேறுபடுகிறது?

1987-இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், அதுவரை நடந்த 119 ஆய்வுகளைத் திரட்டி ஒரே கணக்காகப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் என்பது போல ஒரே பாத்திரத்தில் இருக்கும் இருவர் சொல்வது ஓரளவு ஒத்துப்போனது; இந்தப் பொருத்தத்தைக் காட்டும் எண்ணான ஒட்டுறவு 0.60. பெற்றோரும் ஆசிரியரும் என்பது போல வேறு வேறு பாத்திரத்தில் இருப்பவர்களிடையே அது 0.28-ஆகக் குறைந்தது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே 0.22. 2015-இல் அந்த்ரேஸ் தெ லோஸ் ரெயெஸ் குழுவினர் 341 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஒட்டுமொத்தச் சராசரி 0.28 என்றே வந்தது. ஏறக்குறைய 30 வருட இடைவெளியிலும் எண் அசையவில்லை.

*ஒட்டுறவு* என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. 0.28 என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். 200 பிள்ளைகளைப் பெற்றோர் சொன்ன மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, சிக்கல் அதிகமுள்ள பாதி, குறைவான பாதி என்று பிரிக்கிறோம். மேல் பாதியிலுள்ள 100 பேரில் சுமார் 59 பேரை ஆசிரியரும் மேல் பாதியில் வைப்பார். மீதி 41 பேரைக் கீழ்ப் பாதியில் வைப்பார். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 பேர் பொருந்தியிருப்பார்கள். 0.60 என்றால் இந்த 59, 70-ஆக உயரும். 0.22 என்றால் 57.

உதவி தேடி மருத்துவமனைக்கே வந்த குடும்பங்களில்கூட நிலைமை இதுதான். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எந்தச் சிக்கலுக்காக இங்கே வந்தீர்கள் என்று பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்டார்கள். 63 சதவீத ஜோடிகளில் இருவரும் பொதுவாகச் சொன்ன சிக்கல் ஒன்றுகூட இல்லை.

ஆகவே டீச்சரும் அம்மாவும் வேறு வேறாகச் சொன்னால் அது அதிசயமல்ல. எங்கும் வழக்கமாக நடப்பதுதான்.

முதல் காரணம்: பிள்ளை உண்மையிலேயே வேறு மாதிரி நடக்கிறது

இதுதான் பெரிய காரணம். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

வகுப்பறை 40 நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்கிறது. வீடு அப்படிச் சொல்வதில்லை. வாசலில் ஓடி, தென்னை மூட்டில் விளையாடி, பசித்தால் உள்ளே வரும் பிள்ளைக்கு வீட்டில் 'ஒரு இடத்தில் இருக்கமாட்டான்' என்ற பெயர் வர வழியே இல்லை. அதே பிள்ளை வகுப்பில் சேட்டைக்காரன். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பள்ளியில் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுப் படியேறியதும் பையை எறிந்து கத்தும் பிள்ளைகள் உண்டு. பள்ளியில் அவர்களுக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர்.

இது வெறும் ஊகமல்ல. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளிக்குச் செல்லும் முன் வயதுக் குழந்தைகளை அம்மாவோடு ஒரு முறையும் அறிமுகமில்லாத பரிசோதகரோடு ஒரு முறையும் இருக்கவைத்துக் கவனித்தார்கள். பெற்றோர் மட்டும் புகார் சொன்ன குழந்தைகள் பெற்றோரோடு இருந்தபோது முரண்டு பிடித்தார்கள். ஆசிரியர் மட்டும் புகார் சொன்னவர்கள் பரிசோதகரோடு இருந்தபோது முரண்டு பிடித்தார்கள். இரு தரப்பும் தாங்கள் கண்டதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இதோடு, யார் எந்த மணிநேரத்தைப் பார்க்கிறார் என்பதையும் கேட்கவேண்டும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பா விடியும் முன்பே கிளம்பிவிடுவார். பிள்ளை பள்ளிக்குக் கிளம்ப மறுத்து அழும் அந்த ஒரு மணிநேரம் அவருக்குத் தெரியவே தெரியாது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் மகளை வீடியோ காலில் பத்து நிமிடம் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடமும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். இந்த அப்பாக்கள் "அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை" என்று சொல்வது பொய்யல்ல. அவர்கள் பார்த்த நேரத்தின் அளவு அது. அப்பா விடுப்பில் வந்திருக்கும் இரண்டு மாதத்தில் வீட்டுச் சட்டமே மாறிவிடுவதால், அந்தச் சமயத்தில் எடுக்கும் தகவலை வருடம் முழுவதற்கும் பொருத்தக்கூடாது.

இரண்டாம் காரணம்: சொல்பவரின் நிலை

டீச்சர் ஒரே வயதுப் பிள்ளைகள் 30, 40 பேரை ஒன்றாகப் பார்க்கிறார். அம்மா ஒப்பிட்டுப் பார்ப்பது மூத்த மகளோடு, அல்லது அண்ணன் மகனோடு. மூத்தவள் படு அமைதி என்றால் சாதாரணமாகத் துள்ளும் இளையவன் அம்மா கண்ணுக்குச் சேட்டைக்காரன். எந்தப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார் என்று தெரியாமல் 'ரொம்ப' என்ற சொல்லுக்கு மதிப்பு கிடையாது.

சொல்பவரின் மனநிலையும் கலக்கும். மனச்சோர்வில் இருக்கும் அம்மா பிள்ளையின் சிக்கலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இப்படி ஒரு பக்கமாக இழுக்கும் போக்கைச் *சாய்வு* என்போம். ஆனால் இந்தச் சாய்வு சிறியது. மனச்சோர்வுள்ள அம்மாக்களின் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சிக்கல்கள் அதிகம் இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். எனவே "அந்த அம்மாவே ஒரு மாதிரி, அவங்க சொல்றதை விடுங்க" என்று தள்ளுவது அநியாயம். இரண்டு பேருக்குமே உதவி தேவை என்பதற்கான அறிகுறி அது.

நேற்று நடந்த சண்டை ஆறு மாதத்தையும் மூடிவிடுவது, "பெயர் கெட்டுப்போகும்" என்று குறைத்துச் சொல்வது, உதவி கிடைக்கட்டும் என்று கூட்டிச் சொல்வது எல்லாம் இந்த வகையில் சேரும்.

மூன்றாம் காரணம்: வெளியிலிருந்து பார்க்க முடியாதது

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நோட்டு சுத்தம், பேச்சு குறைவு, மதிப்பெண் பரவாயில்லை. டீச்சருக்கும் அம்மாவுக்கும் அவளைப் பற்றிப் புகார் இல்லை. மூவரிடமும் கொடுத்த கேள்விப் படிவத்தில் அவள் மட்டும் "அடிக்கடி கவலைப்படுகிறேன்", "தூக்கம் வரவில்லை" என்று குறிக்கிறாள். இரண்டு பெரியவர்கள் ஒரு பக்கம், ஒரு பிள்ளை மறுபக்கம். ஓட்டுப் போட்டால் பிள்ளை தோற்றுவிடும். ஆனால் இங்கே தெரிந்தவர் ஒருவர்தான், அது அவள்.

எதிர்த்திசையிலும் ஒரு விஷயம் உண்டு. கவனச் சிதறல், அடங்காத துறுதுறுப்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் தங்களிடம் குறைவாகவே உணர்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பெரியவர்களின் தகவலுக்கு எடை அதிகம். கவலைக்கும் துக்கத்துக்கும் பிள்ளையின் சொல்லுக்கு எடை அதிகம். எந்தச் சிக்கல் என்பதைப் பொறுத்து யார் சொல்லை முன்னால் வைப்பது என்பது மாறும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: பிள்ளையே இடத்துக்கு இடம் மாறுகிறது; சொல்பவர் நிற்கும் இடமும் மனமும் அளவை மாற்றுகின்றன; சில விஷயங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரியும். இனி, கையில் இருக்கும் வித்தியாசத்தை வைத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

வித்தியாசம் எங்கே தேடச் சொல்கிறது?

*பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால்* முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கும், பேசும், திட்டு வாங்கும். அடுத்து, வயதுக்கேற்ற ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு, 'படிக்கத் தெரியாதவன்' என்ற பெயரைவிடச் 'சேட்டைக்காரன்' என்ற பெயர் கௌரவமானது. தமிழ் வழியில் படித்து ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியதா என்று கேளுங்கள். களியக்காவிளை, விளவங்கோடு எல்லைப் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தால் மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு, எந்தப் பாடவேளையில் சிக்கல், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், பள்ளி பஸ்ஸில் யாராவது மிரட்டுகிறார்களா என்று போகவேண்டும்.

வீட்டில் கலகலவென்று பேசிவிட்டுப் பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கிடக்கூடாது. இது திமிரல்ல. *தேர்வுப் பேசாமை* என்ற பதற்றச் சிக்கலாக இருக்கலாம். அம்மாவும் டீச்சரும் சொல்வது முழுக்க முரண்படுவதே இதன் அடையாளம்.

*வீட்டில் மட்டும் என்றால்* தூக்க நேரம், செல்போன், வீட்டுப் பெரியவர்களிடையேயான சண்டை, பாட்டி ஒரு சட்டமும் அம்மா ஒரு சட்டமும் போடுவது ஆகியவற்றைப் பாருங்கள். "எங்ககிட்ட நல்லாத்தானே இருக்கான், நீங்கதான் செல்லம் கொடுக்கிறீங்க" என்று பள்ளி கைகழுவுவது மிகத் தவறு. பகல் முழுக்க அடக்கிவைத்தது சாயங்காலம் வெடிப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் வேர் பள்ளியில்தான் இருக்கிறது.

*ஒரே ஒரு பெரியவரிடம் மட்டும் என்றால்* அந்த இருவருக்கிடையே நடப்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் பிள்ளை ஒடுங்குகிறது, அல்லது அவர் வீட்டுக்குப் போகவே மறுக்கிறது என்றால் அதை அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

*எல்லா இடத்திலும் என்றால்* சிக்கல் இடத்தைச் சார்ந்ததாக இல்லாமல் பிள்ளையோடு கூடவே போகிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு–மிகையியக்கச் சிக்கலை உறுதிப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு இதைத்தான் கேட்கிறது. அறிகுறிகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் இருக்கவேண்டும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு *இடங்கள்* என்பதும் அம்மாவும் டீச்சரும் *ஒத்துக்கொள்வது* என்பதும் ஒன்றல்ல. அம்மா மறுத்தாலும், டியூஷனிலும் ஞாயிறு பள்ளியிலும் அதே துறுதுறுப்பு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். டீச்சர் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து மாத்திரை கேட்பதும், அம்மா ஒருவர் மறுத்ததை மட்டும் வைத்து விட்டுவிடுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

தகவலைச் சரியாகத் திரட்டுவது

அம்மா, டீச்சர், பிள்ளை மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் முன்னால் ஒருவர் பேசும்போது தகவல் வராது, தற்காப்புதான் வரும். தனித்தனியாக, ஒரே கேள்வியை, ஒரே காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "அடங்க மாட்டானா?" என்று கேட்டால் கருத்து வரும். "போன வாரம் எத்தனை தடவை யாரையாவது அடித்தான்? எங்கே? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேட்டால் நிகழ்ச்சி வரும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய உதவி. வீட்டில் ஒரு நோட்டு, பள்ளியில் ஒரு நோட்டு. நாள், நேரம், இடம், கூட இருந்தவர், சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பெரியவர் செய்தது. அன்றன்றே எழுதவேண்டும், சனிக்கிழமை மொத்தமாக எழுதினால் நினைவில் நிற்கும் பெரிய சண்டைகள் மட்டுமே வரும். நல்லபடியாக இருந்த நேரத்தையும் எழுதுங்கள். எங்கே சிக்கல் *இல்லை* என்பது மருத்துவருக்கு அதே அளவு தேவை.

படிவம் வேண்டுமென்றால், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ. (பிள்ளையின் பலங்கள்–சிரமங்கள்) என்ற வினாநிரல் எளியது, தமிழிலும் உண்டு. 25 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மனவுணர்வு, நடத்தை, துறுதுறுப்பு, சக பிள்ளைகளோடு சிக்கல் என்ற நான்கு பகுதிகளைக் கூட்டினால் மொத்தம் 0 முதல் 40 வரை வரும். ஐந்தாவது பகுதி பிள்ளையின் நல்ல குணங்களைப் பற்றியது, அதைக் கூட்டக்கூடாது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வடிவம், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்ப ஒரு வடிவம். இது நோயை உறுதிசெய்யும் கருவியல்ல, வடிகட்டி மட்டுமே.

இதில் வழக்கமாகக் கெடும் இடங்கள் சில. அம்மாவுக்காக அண்ணன் நிரப்பித் தருவது. வாரம் இரண்டு பாடவேளை மட்டும் வரும் ஆசிரியர் நிரப்புவது. பிள்ளை நிரப்பும்போது அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது. மூன்று படிவத்தின் மொத்தத்தையும் கூட்டிச் சராசரி எடுப்பது. மொத்த எண்ணை விட்டுவிட்டு, மூன்று படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த *வரியில்* பிரிகிறார்கள் என்று பாருங்கள். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அங்கே இருக்கும்.

பிள்ளையிடம் கேட்பது

தனியாக, முகத்தை நேருக்கு நேர் பார்க்காத வேலை ஒன்றினூடே கேட்டால் நல்லது. "மக்களே, ஏன் இப்படிச் செய்யுத?" என்று தொடங்கினால் அது விசாரணை. "இன்னைக்கு இண்டர்வல்ல யாரு கூட இருந்த? எந்த பீரியடு எப்பம் முடியும்னு இருந்துச்சு?" என்று கேட்டால் பதில் வரும். வந்த பதிலை உடனே திருத்தாதீர்கள், "டீச்சர் அப்படிச் சொல்லலியே" என்று மடக்காதீர்கள். ஒரு முறை மடக்கினால் அடுத்த முறை "ஒண்ணும் இல்ல"தான்.

ரகசியம் காப்பேன் என்று முழுதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொல்றத ஊர் பூரா சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. சாகவேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால், மற்ற இருவர் என்ன சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் எடுக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போதும், அதன் பிறகும்

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ வேறு மருத்துவரிடமோ போகும்போது இரண்டு நோட்டுகளையும் படிவங்களையும் கொண்டுபோங்கள். ஆசிரியர் நேரில் வரமுடியாவிட்டால் அவர் எழுதியதை மூடிய உறையில் வாங்கிச் செல்லலாம். "டீச்சர் தப்பா சொல்லுகாங்க" என்று தொடங்காமல், "பள்ளியில் இப்படி எழுதியிருக்காங்க, வீட்டுல நாங்க இதைப் பாக்கல்ல" என்று இரண்டையும் வையுங்கள்.

சிகிச்சையோ வகுப்பில் இட மாற்றமோ தொடங்கிய பிறகு மறுபடி அளக்கவேண்டும். எஸ்.டி.கியூ.வின் முதல் படிவம் கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கும். தொடர்கண்காணிப்புப் படிவம் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும். முதலில் நிரப்பிய அதே ஆட்கள்தான் இரண்டாவதையும் நிரப்பவேண்டும். ஜூனில் டீச்சரும் செப்டம்பரில் அம்மாவும் நிரப்பினால், இறங்கியது பிள்ளையின் சிக்கலா, மாறியது ஆளா என்று சொல்ல முடியாது. கல்வியாண்டு மாறி வகுப்பாசிரியரும் மாறிவிட்டால், புதியவர் பிள்ளையோடு குறைந்தது ஓரிரு மாதம் பழகட்டும். அவர் படிவத்தைப் புதிய தொடக்கமாக வையுங்கள், பழையவருடையதோடு கழித்துப் பார்க்காதீர்கள்.